ரெண்டு பேர் உட்கார ஒரு வண்டி

2023 அக்டோபர் கடைசியில் டோக்கியோ கண்காட்சியில் மஸ்தா நிறுவனம் ஒரு சிவப்பு வண்டியைத் திரை விலக்கிக் காட்டியது. பெயர் ஐகானிக் எஸ்பி. ரெண்டே சீட்டு. கதவுகள் பக்கவாட்டில் திறக்காமல் றெக்கை மாதிரி மேலே எழுந்தன. முகப்பு விளக்குகள் தூங்கி எழுந்த கண்கள் போலத் திறந்துகொண்டன. பெங்களூரில் எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஏழெட்டுப் பேர் ஒரே மானிட்டரைச் சுற்றி நின்று அந்த வீடியோவைப் பார்த்தோம். "இதுதான்டா அடுத்த எம்எக்ஸ்-5" என்றான் ஒருவன். உலகமே அப்படித்தான் அதைப் படித்தது. 1989இலிருந்து விற்கிற அந்தச் சின்ன ரோட்ஸ்டரின் மறுபிறவிக்கு இது முன்னோட்டம் என்று.

எங்களில் ஒருவரிடமும் எம்எக்ஸ்-5 கிடையாது. ஒருவரும் அதை ஓட்டியதில்லை, நேரில் பார்த்ததுகூட இல்லை. மஸ்தா கார் இந்தியாவில் விற்பனையிலேயே இல்லை. நம் ஊரில் மஸ்தா என்றால் ஸ்வராஜ் மஸ்தா, அதாவது பள்ளிக்கூட வேன். இருந்தும் ஏதோ எங்கள் தாத்தா வீட்டு வண்டி திரும்பி வந்த மாதிரி கண்கள் பனிக்கப் பேசிக்கொண்டிருந்தோம். நானும்தான்.

அந்த வார இறுதியில் ஊருக்குப் போனேன். ஓசூர், ராயக்கோட்டை வழியாகப் பாலக்கோடு பஸ். நிறுத்தத்தில் அப்பா எக்ஸெல் வண்டியோடு நின்றிருந்தார். முன்னால் கால் வைக்கிற இடத்தில் மாட்டுத் தீவன மூட்டை. "ஏறு கண்ணு" என்றார். பின்னால் ஏறினேன். அறுபத்தி ஆறு வயது அப்பா, எண்பது கிலோ மகன், லேப்டாப் பை, ஒரு மூட்டை. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் காற்று முகத்தில் அடிக்க, தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே போனோம். மேலே கூரை இல்லை, பக்கத்தில் கதவு இல்லை, ரெண்டு பேருக்கு மட்டும் இடம், எடையும் குறைவு, எஞ்சினும் சின்னது. ரோட்ஸ்டர் என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன எழுதியிருக்கிறதோ அத்தனையும் எனக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போடப்போகிறேன். எந்தக் கிளாசிக்கை மறுபடி வடிவமைக்க வேண்டும், அதை யாருக்காகச் செய்ய வேண்டும் என்பதில் நாம் எல்லோரும் சேர்ந்து தப்பான மேடையைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

*

முதலில் கான்செப்ட் கார் என்ற ஜாதியைப் பற்றி நியாயமாகப் பேசிவிடலாம். உலகின் முதல் கான்செப்ட் கார் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1938இல் ஜெனரல் மோட்டார்ஸ் செய்த பியூக் ஒய்-ஜாப். அதுவும் ரெண்டு பேர் உட்காரும் திறந்த வண்டிதான். அதை வடிவமைத்த ஹார்லி எர்ல் மேடையில் காட்டியதோடு நிறுத்தவில்லை. பல வருடம் தன் சொந்த வண்டியாக ஓட்டித் திரிந்தார். கான்செப்ட் என்றால் அன்றைக்கு அதுதான் அர்த்தம். யோசித்ததைச் செய்து, செய்ததை ஓட்டிப் பார்ப்பது.

அடுத்து 1953. நியூயார்க்கில் ஒரு ஹோட்டலில் நடந்த கண்காட்சியில் ஜனவரி மாதம் கார்வெட் என்ற ரெண்டு சீட்டு வண்டியைக் காட்டினார்கள். அதே வருடம் ஜூன் கடைசியில் முதல் வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தது. அந்த வருடம் செய்தது 300 வண்டிதான். ஆனாலும் காட்டியதற்கும் கொடுத்ததற்கும் நடுவே ஆறு மாதம்கூட இல்லை.

1989இல் சிகாகோவில் மஸ்தா எம்எக்ஸ்-5ஐக் காட்டியபோது நடந்தது இன்னும் முக்கியம். அதற்கு முன்னால் சின்ன ரோட்ஸ்டர் என்றால் பிரிட்டிஷ் வண்டிகள்தான். எம்ஜி, ட்ரையம்ஃப், லோட்டஸ் எலான். ஓட்ட அற்புதமாக இருக்கும், ஆனால் ஆயில் ஒழுகும், வயரிங் கோளாறு செய்யும், மழை வந்தால் உள்ளேயும் மழை. மஸ்தாக்காரர்கள் அந்த வண்டிகளின் நல்ல குணத்தை, அதாவது லேசான உடம்பையும் பின்சக்கர இழுப்பையும் நேரான எளிமையையும், அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கெட்ட குணத்தை மட்டும் கழற்றிப் போட்டார்கள். ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடை, 1.6 லிட்டர் எஞ்சின், கையால் பின்னே தள்ளிவிடுகிற துணிக்கூரை. விலையும் சாதாரணச் சம்பளக்காரன் நினைத்துப் பார்க்கக்கூடியது. 2016இல் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது.

எனக்குத் தெரிந்து மறுவடிவமைப்பு என்ற சொல்லுக்கு இதைவிட நேர்மையான உதாரணம் இல்லை. பழசில் எது உயிர், எது வியாதி என்று பிரித்துப் பார்த்தார்கள். உயிரைக் காப்பாற்றினார்கள்.

இப்போது ஐகானிக் எஸ்பிக்கு வருவோம். 370 குதிரை சக்தி, 1,450 கிலோ எடை. முதல் எம்எக்ஸ்-5இன் எடையைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சக்தி மூன்று மடங்கு. பார்க்க அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் லேசாக இருப்பதுதான் அந்த வண்டியின் உயிர் என்று முப்பது வருடம் சொல்லிவிட்டு, மேடையில் நாம் கைதட்டியது அதன் முகத்துக்கு மட்டும்தான். திறந்து மூடும் கண்களுக்கு. உயிரை விட்டுவிட்டு முகத்தை மட்டும் எடுத்துக்கொள்வது மறுவடிவமைப்பு இல்லை, முகமூடி.

*

இன்னொரு ரோட்ஸ்டர் கதை இதைவிட மோசம். டெஸ்லாவின் முதல் வண்டியே ஒரு ரோட்ஸ்டர்தான். 2008இலிருந்து 2012வரை ஏறக்குறைய 2,450 வண்டிகள். மின்சாரக் கார் என்றால் கோல்ஃப் மைதானத்து வண்டி என்ற எண்ணத்தை உடைத்தது அது. அதன் பெருமையை யாரும் மறுக்க வேண்டியதில்லை. 2017 நவம்பரில் அதன் மறுவடிவத்தை மேடையில் காட்டினார்கள். ஒரு சார்ஜில் ஆயிரம் கிலோமீட்டர், ரெண்டு நொடிக்குள் மணிக்கு 96 கிலோமீட்டர் வேகம், 200 யூனிட் பேட்டரி, 2020இல் கைக்கு வரும். முன்பதிவுக்கு 50,000 டாலர். சிறப்புப் பதிப்பு வேண்டும் என்றால் 2,50,000 டாலர் முழுத்தொகையும் முன்கூட்டியே.

2020 வந்தது, போனது. 2025 கடைசியும் வந்தது. ஒரு வாடிக்கையாளர் கைக்கும் அந்த வண்டி போகவில்லை. எட்டு வருடம். இதற்குள் ஒரு குழந்தை பிறந்து மூன்றாம் வகுப்புக்குப் போயிருக்கும்.

இதில் என் பங்கையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கோபத்துக்கு மரியாதை இல்லை. நான் கார்களின் திரைக்கு மென்பொருள் எழுதுகிறவன். ஸ்டியரிங் பின்னால் இருக்கும் திரையில் வேகம், பேட்டரி, வழி எல்லாம் காட்டுவது எங்கள் வேலை. சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தில், பெயர் வேண்டாம், கண்காட்சி வண்டி ஒன்றுக்கு மூன்று மாதம் வேலை பார்த்தேன். வண்டி என்று அதைச் சொல்லக்கூடாது. ஃபைபர் ஓடு, உள்ளே ஒரு சின்ன மோட்டார், மேடையில் ஏறி இறங்க மட்டும் போதுமான வேகம். கண்காட்சிக்கு வரும் கான்செப்ட் வண்டிகளில் பல அப்படித்தான், அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. கதவு திறந்ததும் திரை விழித்துக்கொண்டு மீதி எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்று காட்ட வேண்டும். பேட்டரியே இல்லாத வண்டியில் எங்கிருந்து கணக்கிடுவது? "ஒரு நல்ல நம்பர் போடு" என்றார் மேலாளர். 612 என்று போட்டேன். 600 என்றால் பொய் மாதிரி இருக்கும், 612 என்றால் அளந்த மாதிரி இருக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் நாலைந்து செய்தித் தளங்களில் 612 கிலோமீட்டர் என்று வந்திருந்தது. அப்பாவுக்குப் போன் பண்ணி, நான் வேலை பார்த்த வண்டி பேப்பரில் வந்திருக்கிறது என்று சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். பிறகு கேட்டார்: "அது இருக்கட்டும் கண்ணு. கரண்டுல ஓடுற எக்ஸெல் எப்ப வருது?"

பதில் சொல்லத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

*

அப்பாவின் கேள்வி எங்கிருந்து வந்தது என்று புரிய, எங்கள் மாவட்டத்தின் ஒரு சின்ன வரலாறு தெரிய வேண்டும். இன்றைக்கு ஓசூர் கிருஷ்ணகிரி மாவட்டம். ஆனால் கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தது 2004 பிப்ரவரியில்தான். அதுவரை ஓசூர் எங்கள் தர்மபுரி மாவட்டம். 1970களில் அங்கே சிப்காட் வந்தது. 1980இல் அந்த ஓசூரிலிருந்து ஒரு 50 சிசி வண்டி வெளியே வந்தது. டிவிஎஸ் 50. இந்தியாவில் ரெண்டு பேர் உட்கார்ந்து போகும்படி செய்த முதல் மொபெட் அதுதான்.

அந்த "ரெண்டு பேர்" என்பதை யோசித்துப் பாருங்கள். அதற்கு முன்னாலும் மொபெட் இருந்தது. கைனடிக் லூனா 1972லேயே வந்துவிட்டது. ஓசூரில் யாரோ ஒரு பொறியாளர் குழு, இந்த நாட்டில் ஒருத்தன் தனியாக எங்கேயும் போவதில்லை என்று கவனித்திருக்கிறது. பின்னால் மனைவி இருப்பாள், மகன் இருப்பான், அல்லது பால் கேன் இருக்கும். அதற்கு ஏற்றபடி சட்டகத்தை மாற்றினார்கள். மனிதனைப் பார்த்துவிட்டு வண்டியை வரைந்திருக்கிறார்கள். எம்எக்ஸ்-5க்குப் பின்னால் இருந்த அதே அறிவு.

அதன் வாரிசுதான் எக்ஸெல். 2015இல் வந்த எக்ஸெல் 100 நாலு ஸ்ட்ரோக் வண்டி. எடை தொண்ணூறு கிலோவுக்குள். சக்தி நாலரை குதிரைக்கும் குறைவு. ஹெவி டியூட்டி மாடலில் பின் சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு மூட்டை கட்டலாம். பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் போய்ப் பாருங்கள். கூடை கூடையாய்த் தக்காளி இறங்குவது பாதிக்கு மேல் இந்த வண்டிகளிலிருந்துதான் என்று தோன்றும். பூக்காரர், இளநீர்க்காரர், பாத்திர வியாபாரி, பஞ்சாயத்து கிளார்க், மஞ்சள் பையோடு பேரனைப் பள்ளியில் விடும் தாத்தா என்று எல்லோரிடமும் இதுதான். ரோட்ஸ்டர் பணக்காரன் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவது. இது ஏழை ஏழு நாளும் ஓட்டுவது.

இதே ஓசூர் நிறுவனத்துக்கு மேடை வண்டி செய்யத் தெரியாமல் இல்லை. 2018இல் டெல்லி பக்கம் நடந்த ஆட்டோ எக்ஸ்போவில் கிரியான் என்ற மின்சார ஸ்கூட்டர் கான்செப்டைக் காட்டினார்கள். அதன் வழி வந்த டிவிஎஸ் எக்ஸ் 2023 ஆகஸ்டில் துபாயில் அறிமுகமானது, விலை ஏறக்குறைய இரண்டரை லட்சம். 2020இல் பிரிட்டனின் நார்ட்டன் மோட்டார்சைக்கிள் நிறுவனத்தையே 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். 2025 நவம்பரில் மிலான் கண்காட்சியில் மேங்க்ஸ் என்ற நார்ட்டனின் பழம்பெரும் பெயரை புதிய வண்டிக்குச் சூட்டிக் காட்டினார்கள். பிரிட்டிஷ்காரனின் கிளாசிக்கை மறுபடி வடிவமைக்கும் திறமை ஓசூரில் இருக்கிறது. எனக்கு அதில் பெருமைதான், பொய் சொல்லவில்லை. அதே ஓசூரில் பிறந்த கிளாசிக்கின் மின்சார மறுவடிவம் மட்டும் இன்னும் கடைக்கு வரவில்லை.

*

ஓசூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் போச்சம்பள்ளி. அதுவும் 2004வரை எங்கள் மாவட்டம். அங்கே சுமார் 500 ஏக்கரில் ஓலா எலக்ட்ரிக் தொழிற்சாலை கட்டியது. பெண்களே நடத்தும் ஆலை என்று 2021இல் அறிவித்தார்கள். சுற்றுவட்டாரத்துப் பெண்களுக்கு அங்கே வேலை கிடைத்தது உண்மை, அதை நான் சின்னதாக நினைக்கவில்லை.

ஆனால் மேடைக் கலாச்சாரம் எங்கள் மண்ணுக்கு வந்து இறங்கியதும் அங்கேதான். 2022 ஆகஸ்ட் 15இல் கண்ணாடிக் கூரையோடு ஒரு மின்சாரக் காரின் வீடியோ. ஒரு சார்ஜில் 500 கிலோமீட்டர், நாலு நொடியில் 100 கிலோமீட்டர் வேகம், 2024இல் வரும். 2024 ஜூலையில், கார் திட்டத்தை ஓரம் வைத்துவிட்டு இருசக்கர வண்டிகளில் கவனம் என்று செய்தி வந்தது. 2023 ஆகஸ்ட் 15இல் நாலு பைக் கான்செப்டுகள். அவற்றில் ஒன்றின் பெயரே ரோட்ஸ்டர். அந்த ரோட்ஸ்டர் 2025இல் சாலைக்கு வந்தது, அதற்குப் பாராட்டு. ஆனால் நடுவில் 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்த நிறுவனத்துக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. ஒரு வருடத்தில் தேசிய உதவி எண்ணுக்கு வந்த புகார்கள் பத்தாயிரத்துக்கும் மேல். 99 சதவீதம் தீர்த்துவிட்டோம் என்று நிறுவனம் பதில் சொன்னது. இருக்கட்டும். சுதந்திர தினம் தவறாமல் மேடை ஏறுகிற ஒரு தொழில், சர்வீஸ் சென்டரில் வரிசையில் நிற்கிறவனை எத்தனை முறை மேடையில் நினைத்தது என்பதுதான் என் கேள்வி.

அந்த மேடையைப் பார்க்கிற நாமும் குறைந்தவர்கள் இல்லை. கண்ணாடிக் கூரை வீடியோவை எத்தனை பேர் ஸ்டேட்டஸ் வைத்தோம்! நமக்கு எதிர்காலம் ஒரு டிரெய்லராக வந்தால் போதும். படம் வராவிட்டாலும் கேட்க மாட்டோம்.

*

இனி கொஞ்சம் கணக்கு. எஞ்சினியர் எழுதுகிற கட்டுரையில் கணக்கு இல்லாவிட்டால் எப்படி.

டெஸ்லா சொன்ன ரோட்ஸ்டரின் பேட்டரி 200 யூனிட். 2024 பிப்ரவரியில் மகாராஷ்டிரக் கைனடிக் நிறுவனம் பழைய லூனாவை மின்சாரத்தில் மறுபடி கொண்டுவந்தது. இ-லூனா. பேட்டரி 2 யூனிட். ஒரு சார்ஜில் 110 கிலோமீட்டர் என்று சொல்கிறார்கள், மூட்டையோடு எழுபது ஓடினால்கூட எங்கள் அப்பாவுக்கு ரெண்டு நாளைக்குப் போதும். சுமை 150 கிலோ. அறிமுக விலை 69,990 ரூபாய். அதாவது ஒரு கனவு ரோட்ஸ்டரின் பேட்டரியில் நூறு மொபெட் ஓடும். நூறு குடும்பம்.

இ-லூனா குறையற்றது என்று நான் விளம்பரம் செய்ய வரவில்லை. கிளாசிக் மொபெட்டை மின்சாரத்தில் மறுவடிவமைப்பது சாத்தியமே என்பதற்கு அது சாட்சி. அதை நிரூபிக்க றெக்கைக் கதவு தேவைப்படவில்லை.

ஏன் இந்த வேலையை எல்லோரும் முதலில் செய்யவில்லை? ஒரு காரணம் அரசின் அளவுகோலில் இருக்கிறது. 2021 ஜூனில் மத்திய அரசு மின்சார இருசக்கர வண்டிகளுக்கான மானியத்தை ஒரு யூனிட் பேட்டரிக்கு 15,000 ரூபாய் என்று உயர்த்தியது, விலையில் 40 சதவீதம் என்ற வரம்புக்குள். 2023 ஜூனில் அது 10,000 ஆகக் குறைந்தது, வரம்பு 15 சதவீதம் ஆனது. 2024இல் வந்த அடுத்த திட்டத்தில் 5,000. தொகை மாறிக்கொண்டே இருந்தது, அளவுகோல் மாறவில்லை. பேட்டரி எவ்வளவு பெரிது? அவ்வளவுதான் கேள்வி. வண்டி எவ்வளவு லேசு என்பதற்குத் தனி மதிப்பெண் கிடையாது. எத்தனை கிலோ சுமக்கிறது என்பதற்கும் கிடையாது. 2021 கணக்கில் நாலு யூனிட் ஸ்கூட்டருக்கு 60,000 ரூபாய் வரை கிடைக்கும், ரெண்டு யூனிட் மொபெட்டுக்கு அதில் பாதிதான். குறைவாகச் சாப்பிட்டு அதிக வேலை செய்கிறவனுக்குச் சம்பளம் குறைவு. இப்படி ஒரு பரிசுத் திட்டம் போட்டால் எந்த முதலாளி சின்ன வண்டி செய்வான்?

எங்கள் அப்பாவின் கணக்கு வேறு. தினமும் முப்பது கிலோமீட்டர். பெட்ரோல் நூறு ரூபாய்க்கு மேல். சுமை ஏற்றி ஓட்டினால் லிட்டருக்கு ஐம்பதுதான் வருகிறது என்பார். மாசம் ஆயிரத்து எண்ணூறு ரூபாய். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். ரெண்டு யூனிட் பேட்டரியை நாள் விட்டு நாள் நிரப்பினால், வீணாவதையும் சேர்த்து, ரெண்டு மாசத்துக்கு எழுபது யூனிட்டுக்குள். வீட்டில் மற்றபடி ஒரு டிவி, ரெண்டு ஃபேன், நாலு லைட்டு. இலவசத்தைத் தாண்டினாலும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் அது சில்லறை. தக்காளி கிலோ அஞ்சு ரூபாய்க்குப் போகிற மாசத்தில் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் என்பது என்ன என்று விவசாயி வீட்டில் வளர்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் எக்ஸெலின் மறுவடிவம் எப்படி இருக்க வேண்டும்? 1989இன் அதே சூத்திரம். உயிரை வைத்துக்கொள்ளுங்கள்: கழற்றக்கூடிய சீட்டு, மூட்டை வைக்க முன்னால் இடம், தள்ளினால் தள்ள முடிகிற எடை, பஞ்சர் கடைக்காரரே பிரித்துப் பார்க்கக்கூடிய பாகங்கள். வியாதியைக் கழற்றுங்கள்: ஈரத்தில் வழுக்கும் பிரேக், ராத்திரியில் மினுக்கும் முகவிளக்கு, முதுகை உடைக்கும் ஷாக், புகை. பேட்டரியைக் கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய் சார்ஜ் போட முடிய வேண்டும், ஏனென்றால் எங்கள் தெருவில் வண்டி நிற்கும் இடத்தில் பிளக் பாயின்ட் இல்லை, புளியமரம்தான் இருக்கிறது. திரை வேண்டாம். என் வேலையே போனாலும் சரி, திரை வேண்டாம். எவ்வளவு மிச்சம் என்று காட்ட நாலு பச்சை விளக்கு போதும். உண்மையைக் காட்டினால் போதும்.

*

இதைப் படித்துவிட்டு என் நண்பர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியும். ஏற்கெனவே சொல்லியும்விட்டார்கள்.

"கனவு காணக்கூட உரிமை இல்லையா? எல்லாவற்றிலும் ஏழையை இழுக்காதே." கனவுக்கு நான் எதிரி இல்லை. கல்லூரி விடுதியில் என் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்ததும் ஒரு சிவப்பு ரோட்ஸ்டர்தான். டிவிஎஸ் 50யும் ஒரு காலத்தில் கனவுதான். மாட்டு வண்டியும் சைக்கிளும் ஓடிய ஊரில் புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் பெட்ரோல் வண்டியில் போவார்கள் என்று 1980இல் யோசித்தவன் கனவு காணாமலா யோசித்தான்? அவன் கனவில் நாம் இருந்தோம். டோக்கியோ மேடைக் கனவில் நாம் பார்வையாளர் மட்டும். வித்தியாசம் அதுதான்.

"வறுமையை அழகாக்குகிறாய். மொபெட்டில் போகிறவனைக் கேட்டால் கார்தான் வேண்டும் என்பான்." இது சரியான அடி, வாங்கிக்கொள்கிறேன். அப்பாவுக்கும் கார் மேல் ஆசை உண்டு. மூன்று பேர் ஏறிக்கொண்டு ஹெல்மெட் இல்லாமல் போகிற எக்ஸெல் ஆபத்தானது என்பதும் உண்மை. தொப்பூர் கணவாய் விபத்துச் செய்திகளைப் படித்தே வளர்ந்தவர்கள் நாங்கள், தேசிய நெடுஞ்சாலை 44இல் அப்பா மொபெட்டை ஏற்ற நான் விடுவதில்லை. அந்த வண்டியை அப்படியே பூஜை அறையில் வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. மாற்றுங்கள் என்றுதான் சொல்கிறேன். நல்ல பிரேக், நல்ல விளக்கு என்பதெல்லாம் ரெண்டு லட்சம் கொடுப்பவனுக்கு மட்டும் உரியது என்று யார் முடிவு செய்தது? அவனுக்கு ஒரு நாள் கார் கிடைக்கும் என்று சொல்லியே அவன் இன்று ஓட்டுகிற வண்டியை நாற்பது வருடமாகக் கண்டுகொள்ளாமல் விட முடிகிறது.

"மேலே வரும் தொழில்நுட்பம் மெல்லக் கீழே இறங்கும்." சில சமயம் இறங்கும். முதல் டெஸ்லா ரோட்ஸ்டரே அதற்குச் சாட்சி. ஆனால் இங்கே கீழே இறங்க வேண்டியது என்ன? ரெண்டு யூனிட் பேட்டரியும் ஒரு மோட்டாரும் ஏற்கெனவே கீழேதான் இருக்கின்றன. இறங்காமல் மேலேயே நிற்பது கவனம் ஒன்றுதான். நல்ல வடிவமைப்பாளர்கள், நல்ல எஞ்சினியர்கள், நல்ல மேடை, அதற்கான பணம். எங்கள் மாவட்டத்துக் கோட்டூர் மலைக்குத் தேர்தல் வந்தால் ஓட்டு மெஷின் கழுதை மேல்தான் ஏறிப் போயிருக்கிறது. அந்த மலையடியிலிருந்து பார்த்தால் டோக்கியோ மேடை எத்தனை தூரம் என்று தெரியும்.

எனவே வாசக நண்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஏதாவது ஒரு கிளாசிக் வண்டியின் மறுபிறவி என்று மேடையில் திரை விலகினால், பகிர்வதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். எடை எவ்வளவு? என்றைக்கு, என்ன விலைக்குக் கைக்கு வரும்? கெட்டுப்போனால் யார் சரிபண்ணுவார்கள்? மூன்றுக்கும் பதில் இல்லை என்றால் அது வண்டி இல்லை, சிலை. சிலையை ரசிக்கலாம். அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை, முன்பணமும் கட்ட வேண்டியதில்லை. மென்பொருள் எழுதுகிற என் ஜாதிக்காரர்களுக்கு இன்னொன்று: யாராவது "ஒரு நல்ல நம்பர் போடு" என்றால், எங்கிருந்து எடுப்பது என்று திருப்பிக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

போன மாதம் அப்பாவின் எக்ஸெல் சிலிண்டர் தேய்ந்து புகை கக்கியது. பாலக்கோட்டில் மெக்கானிக் பிரித்து வைத்துவிட்டு, "இன்னும் ரெண்டு வருசம் ஓடும்ணா, அதுக்குள்ள கரண்டு வண்டி வந்துரும், மாத்திக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். அப்பா அதை நம்பி மூவாயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்து போரிங் பண்ணிக்கொண்டு வந்தார். போனில் சொல்லும்போது குரலில் ஒரு நிம்மதி. "ரெண்டு வருசம்னு சொல்றான். நீ அந்த வேலையிலதான இருக்க, சரியாத்தான் சொல்றானா?"

சரியாகத்தான் சொல்கிறார் என்றேன். அதுவும் நான் போட்ட நம்பர்தான்.